மீட்டருக்கு அறிவு வந்தால் போதுமா?

‘ஸ்மார்ட்’ என்னும் சொல் இன்று மின்சாரத் துறையில் தாராளமாகப் புழங்குகிறது. ஸ்மார்ட் மீட்டர், ஸ்மார்ட் கட்டடம், ஸ்மார்ட் கிரிட் என்று நாள்தோறும் ஒன்றைக் கேள்விப்படுகிறோம். ஸ்மார்ட் கிரிட் என்பதை ‘அறிவுள்ள மின்வலை’ என்று தமிழில் சொல்லலாம். காற்றாலைகளும் சூரிய மின்பலகைகளும் எப்போது மின்சாரம் தருகின்றனவோ, அந்த நேரத்துக்கு ஏற்ப வீடுகளும் அலுவலகங்களும் ஆலைகளும் தங்கள் தேவையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய செய்தி இருபுறமும் ஓட வேண்டும். இதுவே அத்தகைய மின்வலையின் இலக்கணம்.

கருத்தில் குறையில்லை. அதை நிறைவேற்றும் முறையில்தான் ஐயம் எழுகிறது. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காகக் கொண்டது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் இவை முன்னோடியாகப் பொருத்தப்பட்டன. மீட்டரை மாற்றிவிட்டால் மின்வலைக்கு அறிவு வந்துவிடும் என்ற எண்ணம் பரவியுள்ளது. அது சரிதானா? பெரிய நகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களை விட்டுவிட்டு, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் கடற்கரையில் நின்று இக்கேள்விக்கு விடை தேடுவோம்.

மின்சாரத்தின் பிடிவாதம்

முதலில் ஓர் அடிப்படை உண்மை. மின்கம்பியில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முடியாது. ஒவ்வொரு கணமும் எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். உற்பத்தி குறைந்தால் மின்னாக்கிகளின் சுழற்சி வேகம் குறைகிறது. மிகுந்தால் வேகம் கூடுகிறது. நம் நாட்டில் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று. அதை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு குறுகிய பாதையில்தான் மின்வலை நடக்கிறது. தடுமாறினால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்தியா கண்டது. இரண்டாம் நாள் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது.

நிலக்கரி நிலையங்கள் மட்டும் இருந்த காலத்தில், தேவை எவ்வளவோ அவ்வளவு கரியை எரித்தார்கள். தேவை முன்னே செல்ல, உற்பத்தி பின்னே சென்றது. காற்றும் வெயிலும் அப்படிக் கட்டளைக்குப் பணிவதில்லை. காற்றாலையின் திறன் காற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. காற்று பத்தில் ஒரு பங்கு குறைந்தால் திறன் 27 சதவீதம் குறைந்துவிடும். 0.9-ஐ மூன்று முறை பெருக்கி மாணவர்கள் சரிபார்க்கலாம். சூரிய மின்சாரமோ, வீட்டு விளக்குகள் எரியத் தொடங்கும் மாலை ஆறரை மணிக்குச் சரியாக விடைபெற்றுக்கொள்கிறது. எனவே இனி உற்பத்தி முன்னே செல்லத் தேவை பின்னே செல்ல வேண்டும். அதாவது, மின்சுமையை நேரம் விட்டு நேரம் நகர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவுள்ள மின்வலையின் உயிர்நாடி இதுவே.

ஒரே சாலையில் மின்சார வரலாறு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை, தமிழகத்தின் மின்சார வரலாற்றையே காட்டும் சாலை எனலாம். நகரத்தை ஒட்டித் துறைமுகத்துக்கு அருகே அனல்மின் நிலையம். 1979-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, பின்னர் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளாக வளர்ந்தது. சற்றுத் தெற்கே முள்ளக்காடு. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-இல் அமைக்கப்பட்டபோது தமிழகத்துக்குக் கிடைத்த இடம் இதுதான். அங்கே நிறுவிய ஒவ்வொரு காற்றாலையின் திறனும் 55 கிலோவாட் மட்டுமே. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்நிலையங்களின் திறனும் 9,000 மெகாவாட்டுக்கு மேல். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் என்பதை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முள்ளக்காட்டைக் கடந்தால் சாலையின் இருபுறமும் உப்பளங்கள். பழையகாயல் தாண்டி ஆத்தூர் வந்து கிழக்கே திரும்பினால் ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. இன்று நாட்டுப்படகு மீனவர்களின் ஊர்.

இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிய வெள்ளநீர் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. தேக்கிவைக்க இடமில்லாததால் நீர் போகிறது. ஆடிக்காற்று வீசும்போது மின்வலை ஏற்க இயலாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கும் நேரங்களும் இப்படிப்பட்டவையே. தேக்க இடம் எங்கே என்பதுதான் கேள்வி. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் ஒன்று 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மிகையான மின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். அத்தகைய மலையிடம் எல்லா ஊருக்கும் கிடைக்காது. பெரிய மின்கலங்களின் விலை குறைந்து வந்தாலும் அவை இன்னும் மலிவானவை அல்ல. ஆனால் இந்தக் கடற்கரையில் யாரும் மின்கலம் என்று அழைக்காத ஒரு மின்கலம் பல ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதுதான் ஐஸ் ஆலை.

பனிக்கட்டி என்னும் மின்கலம்

மீன் பிடிக்கச் செல்லும் படகுக்கு டீசல் எவ்வளவு தேவையோ, அவ்வளவு ஐஸும் தேவை. ஐஸ் இல்லையேல் பிடித்த மீன் கரை சேருமுன் விலை இழந்துவிடும். ஐஸ் ஆலையில் அம்மோனியா வாயுவை அழுத்தும் கம்ப்ரசர்கள், ஒரு பெரிய தொட்டியிலுள்ள உப்புநீரைச் சுழிக்குக் கீழே சுமார் 10 டிகிரி வரை குளிர்விக்கின்றன. அந்த உப்புநீரில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்கிவைத்தால் பல மணி நேரத்தில் அது பாளமாக உறைகிறது.

இதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்? நாமே கணக்கிடுவோம். 30 டிகிரியிலுள்ள ஒரு டன் நீரைச் சுழி டிகிரிக்குக் குளிர்விக்க, ஒரு கிலோவுக்கு 126 கிலோஜூல் வீதம் வெப்பத்தை நீக்க வேண்டும். அதை உறையவைக்க, உள்ளுறை வெப்பமாக ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல் நீக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு டன்னுக்கு 4,60,000 கிலோஜூல். 3,600-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 128 யூனிட். குளிர்பதன இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுவதாகக் கொண்டால், ஒரு டன் ஐஸுக்கு 51 யூனிட் மின்சாரம். கசிவுகளையும் சேர்த்து 50 முதல் 60 யூனிட் என்று கொள்ளலாம்.

ஒப்புமைக்கு இன்னொன்று. அதே ஒரு டன் நீரை 10 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டிக்கு ஏற்றினால் அதில் சேரும் நிலையாற்றல் 98 கிலோஜூல்தான். ஒரு யூனிட்டில் முப்பத்தாறில் ஒரு பங்குகூட இல்லை. உயரத்தில் வைத்த நீரைவிட உறையவைத்த நீர் எத்தனை மடங்கு ‘கனமான’ சேமிப்பு என்பது இதனால் விளங்கும்.

நாள்தோறும் 20 டன் ஐஸ் செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு 1,100 யூனிட் அளவில் தேவை; சராசரியாக 45 கிலோவாட். மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை கம்ப்ரசரை நிறுத்திவைத்தால் 180 யூனிட் மின்சாரம் உச்ச நேரத்திலிருந்து வேறு நேரத்துக்கு நகர்கிறது. தொட்டியிலுள்ள உப்புநீர் குளிர்ச்சியை எளிதில் விடாது. ஆகவே இந்த இடைவெளியில் ஐஸ் உருகி வீணாவதில்லை. 180 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தை வாங்கி வைத்தால் என்ன பயனோ, அந்தப் பயன் இங்கே கிடைக்கிறது. வெளிநாட்டு ஸ்மார்ட் கட்டடங்கள் சிலவற்றில் இரவில் பனிக்கட்டியை உறையவைத்து, மறுநாள் பகலில் அதைக்கொண்டு அறைகளைக் குளிரூட்டுகிறார்கள். அதை வியந்து எழுதும் நாம், நம் துறைமுகத்து ஐஸ் ஆலையும் அதே இயற்பியலைக் கொண்டது என்பதைக் காணத் தவறுகிறோம்.

பருவங்களும் ஓரளவு பொருந்தி வருகின்றன. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் கடலுக்குச் செல்லும் ஜூன் நடுவில்தான் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே காற்றும் வலுக்கிறது. ஐஸுக்குத் தேவை மிகும் மாதங்களும் காற்று மின்சாரம் மிகும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றே.

இதில் ஒரு தடை உண்டு. நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடும் ஆலையால் நான்கு மணி நேரம் ஓய்வெடுக்க முடியாது. 24 மணி நேர வேலையை 20 மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால், குளிரூட்டும் திறன் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும். கூடுதல் கம்ப்ரசரும் நன்கு காப்பிட்ட ஐஸ் கிடங்கும் வேண்டும். பணம் அங்கேதான் தேவைப்படுகிறது. மீட்டருக்கு மட்டும் அன்று.

உப்பளம், தண்ணீர்த் தொட்டி, சுவர்

ஐஸ் ஆலை தனித்த உதாரணம் அன்று. உப்பளத்தில் பாத்திகளுக்கு உப்புநீரை இறைக்கும் மோட்டார்கள் பகலில் ஓடினால் போதும். வெயில் காயும்போதுதான் உப்பும் விளைகிறது, சூரிய மின்சாரமும் விளைகிறது. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டியை விடிகாலையில் நிரப்புவதற்குப் பதிலாக நண்பகலில் நிரப்பலாம். தொட்டியிலிருந்து மின்சாரத்தைத் திரும்பப் பெறப் போவதில்லை. நீரை முன்கூட்டியே ஏற்றிவிட்டதால் உச்ச நேரத்தில் மோட்டார் ஓட வேண்டியதில்லை. நகரத்து அலுவலகக் கட்டடங்களில் பிற்பகல் நான்கு மணிக்கே அறைகளைச் சற்றுக் கூடுதலாகக் குளிர்வித்துவிட்டால், சுவரும் தரையும் அந்தக் குளிர்ச்சியைச் சில மணி நேரம் தாங்கும். மாலையில் ஏர்கண்டிஷனரின் வேலை குறையும். ஸ்மார்ட் கட்டடம் என்பதன் சாரம் இவ்வளவே. தடித்த சுவரும் நிழலும் இல்லாத கண்ணாடிப் பெட்டியில் எத்தனை கணிப்பொறிகளை வைத்தாலும் இந்தக் குணம் வராது.

மீட்டர் செய்வதும் செய்யாததும்

ஸ்மார்ட் மீட்டரால் பயன் இல்லை என்று யாரும் கருத வேண்டாம். கணக்கெடுக்க ஆள் வர வேண்டியதில்லை. எந்த மின்மாற்றியில் எவ்வளவு மின்சாரம் களவு போகிறது என்று தெரியும். எந்தத் தெருவில் மின்தடை என்பது புகார் வருமுன்பே தெரியும். கூரையிலிருந்து மின்வலைக்கு அனுப்பும் சூரிய மின்சாரத்தையும் அளக்கும். மைசூரில் 21,000-க்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கொண்டு நடத்திய முன்னோடித் திட்டமும், புதுச்சேரியில் நடத்திய திட்டமும் இவற்றில் பலவற்றைச் சோதித்துப் பார்த்தன.

ஆனால் மீட்டர் அளக்கும் கருவி. காய்ச்சல்மானி காய்ச்சலைத் தணிக்காதது போல, மீட்டரும் மின்சுமையைத் தானாக நகர்த்தாது. மணிக்கு நான்கு முறை அளவெடுத்து அனுப்பினாலும், பெறுபவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையென்றால் அந்தச் செய்தியால் என்ன பயன்?

இதற்கு மாறாக, கணிப்பொறி பரவாத காலத்திலேயே சுமையை நகர்த்திக் காட்டியவர்கள் உண்டு. நியூசிலாந்தில் 1950-களிலிருந்தே மின்கம்பி வழியாகவே ஒரு சிறப்பு அதிர்வெண் சமிக்ஞையை அனுப்பி, வீடுகளின் வெந்நீர்க் கொதிகலன்களை உச்ச நேரத்தில் சற்று நேரம் நிறுத்தி வந்தார்கள். நீர் ஏற்கெனவே சூடாக இருந்ததால் குளிப்பவருக்கு வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் 1978-இல் இரவின் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த கட்டணத்தை அறிமுகப்படுத்தினார்கள். மக்கள் இரவில் செங்கற்களைச் சூடாக்கும் கணப்புகளை வாங்கிப் பகலில் குளிர் காய்ந்தார்கள். இரண்டிலும் இருந்தவை மூன்று: சேமிக்கும் பொருள், அதைப் பயன்படுத்தத் தூண்டும் கட்டணம், எளிய கட்டுப்பாடு. நம் திட்டத்தில் மூன்றாவதற்கு மட்டும் ஏராளமாகச் செலவிட்டு, முதல் இரண்டையும் மறந்துவிடக் கூடாது.

கட்டணத்தின் கடிகாரம்

கட்டணத்துக்கு வருவோம். தமிழகத்தில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண ஆணைப்படி, உயர் அழுத்த ஆலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல். இரவு பத்து முதல் விடிகாலை ஐந்து வரை 5 சதவீதம் தள்ளுபடி. இது அனல்மின் காலத்துக் கடிகாரம். ஊர் உறங்கும்போது கரி நிலையம் வீணாக ஓடக் கூடாதே என்று வகுத்த முறை. சூரிய மின்சாரம் பெருகும் நண்பகலுக்கு அதில் சலுகை இல்லை. அதே ஆண்டு சிறு தொழில்களுக்கும் உச்ச நேரக் கட்டணம் வந்தது. எதிர்ப்புக்குப் பின் 25 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. தண்டனை இருக்கிறது, தப்பிக்கும் வழிதான் இல்லை.

மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் வேறு வழியைக் காட்டின. வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் வணிகருக்கும் ஆலைகளுக்கும் குறைந்தது 20 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கணக்குக்காக ஒரு யூனிட் 8 ரூபாய் என்று கொள்வோம். வெயில் நேரத்தில் 6 ரூபாய் 40 காசு; உச்ச நேரத்தில் 9 ரூபாய் 60 காசு. நம் ஐஸ் ஆலை 180 யூனிட்டை மாலையிலிருந்து பகலுக்கு நகர்த்தினால் நாளொன்றுக்கு 576 ரூபாய் மிச்சம். மாதத்தில் 25 நாள் இயங்கினால் 14,400 ரூபாய். கூடுதல் கம்ப்ரசருக்கு வாங்கிய கடனின் தவணையைக் கட்ட இது உதவும். ஐஸ் விலை குறைய வழியுண்டானால், அதன் பயன் புன்னைக்காயல் படகுக்காரர் வரை வந்து சேரும்.

சுமை யார் தலையில்?

‘சுமையை நகர்த்துவது’ என்னும் தொடரில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பல ஆண்டுகளாக நம் உழவர்களின் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரத்தைப் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறைவைத்துக் கொடுத்தார்கள். மின்வலையின் பார்வையில் அது சிறந்த சுமை நகர்த்தல். உழவரின் பார்வையில், நள்ளிரவில் டார்ச் விளக்கோடு பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடப்பது. மின்சுமை வலையிலிருந்து இறங்கி மனிதர் தலையில் ஏறியது.

ஸ்மார்ட் மீட்டர் திட்டத்திலும் இதைக் கவனிக்க வேண்டும். முன்பணம் தீர்ந்ததும் தானாக இணைப்பைத் துண்டிக்கும் வசதி அதில் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அது சிறு தொல்லை. கடல் கொந்தளிக்கும் நாள்களில் வருமானமே இல்லாத மீனவக் குடும்பத்துக்கு அது இருட்டு. ஒரே விளக்கும் மின்விசிறியும் உள்ள வீட்டில் நகர்த்துவதற்கு என்ன சுமை இருக்கிறது? சேமிப்புத் தொட்டி உள்ளவரிடமே சுமை நகர்த்தலைக் கேட்க வேண்டும். இல்லாதவரைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். இதுவே நியாயமான இலக்கணம்.

வெள்ளம் வந்த நாளில்

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. புன்னைக்காயலுக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய நேரத்தில் கூரையில் சூரிய மின்பலகை உள்ள வீட்டில் விளக்கு எரியும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் எரியாது!

காரணம் எளிது. மின்வலையோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வலையின் அதிர்வெண்ணைப் பின்பற்றியே வேலை செய்கிறது. வலையில் மின்சாரம் நின்றால் அதுவும் உடனே நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இல்லையெனில், கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. விதி சரியானதே. ஆனால் மின்கலமும், வலையிலிருந்து விலகித் தனித்தீவாக இயங்கும் இன்வெர்ட்டரும் இருந்தால், கட்டடம் தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஊழியருக்கும் ஆபத்து இல்லை.

2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் கூரைச் சூரியமின் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் புயலும் வெள்ளமும் வரும் கடற்கரையில், எல்லா வீடுகளுக்கும் இல்லாவிட்டாலும், புயல் காப்பகம், பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர் மோட்டார் ஆகியவற்றுக்கேனும் தனித்து இயங்கும் ஆற்றல் முதலில் வேண்டும். இருட்டிலும் தடுப்பூசியைக் குளிராக வைத்திருக்கும் சுகாதார நிலையமே ஸ்மார்ட் கட்டடம் என்ற பெயருக்கு முதல் உரிமை உடையது.

நாம் கேட்க வேண்டியவை

தூத்துக்குடி நகரம் 2017-இல் பொலிவுறு நகரங்கள் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டமும் 2025 மார்ச்சில் முடிந்தது. இனி வரும் திட்டங்களுக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழி ஒட்டியே வரும். அப்போது வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தத் திட்டம் எந்தப் பொருளில் ஆற்றலைச் சேமிக்கிறது? சேமிப்பவருக்குக் கட்டணத்தில் என்ன தருகிறது? வலை அறுந்த நாளில் யாருக்கு விளக்கு எரியும்?

இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அது அறிவுள்ள மின்வலை. விடை இல்லையென்றால் அது விலை உயர்ந்த மீட்டர் மட்டுமே. முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகள் சுழலத் தொடங்கி நாற்பது ஆண்டு ஆகிறது. காற்றைப் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். பிடித்ததை வைக்கப் பாத்திரம் தேட வேண்டிய காலம் இது. அப்பாத்திரங்களில் சில ஐஸ் ஆலையிலும் உப்பளத்திலும் ஊர்த் தொட்டியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் திட்டமே நமக்குத் தேவை.